ஏழாவது தூண்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வாக்கில் குணவதி பெரிய பிள்ளையானாள். அவளுடைய தாய் நவமணி அப்போது ஈப்போவை ஒட்டிய புந்தோங்கின் பின்வரிசையில், முதலாளி சீனியின் கொட்டகையில், கடலைப்பருப்பு பொரித்துக்கொண்டிருந்தாள். கச்சாங் பூத்தே என்று ஈப்போ முழுவதும் காகிதக் கூம்பில் போட்டு விற்கிறார்களே, அந்தப் பருப்பும் பட்டாணியும் இத்தகைய கொட்டகைகளிலிருந்துதான் போகின்றன. ரப்பர் விறகு புகையாமல் எரிந்தது. ஊறிய பருப்பை எண்ணெயில் தள்ளி, அது மேலே மிதந்து வரும் கணத்துக்காக அவள் சல்லிக்கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அடுத்த வீட்டு ஜொஹரா பீவி வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டாள்.

"நவமணி, கரண்டிய எறிஞ்சிட்டு வாடி. ஒம்மக ஒக்காந்துட்டா."

அந்தச் செய்தியைக் கேட்டவளுக்கு முதலில் வந்தது மகிழ்ச்சியா கவலையா என்று யாராவது கேட்டிருந்தால், இரண்டுக்கும் முன்னால் தம்பியின் முகம் வந்தது என்பதே சரியான விடையாக இருந்திருக்கும். சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் உள்ள எட்டாங்கட்டைத் தோட்டத்தில் பிறந்தவள் அவள். பெற்றவர்கள் இருவரும் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அர்ச்சுனன் ஒருவன்தான் மிச்சம். தாய்மாமன் கொண்டுவந்து கொடுக்கும் சேலையை உடுத்தித்தான் பெண் சபைக்கு வர வேண்டும். அந்தத் தாய்மாமன் இந்த வீட்டு வாசலை மிதித்துப் பத்து மாதம் ஆகிறது.

காரணம் ஊரறிந்தது. சென்ற ஆண்டு, எழுபத்தொன்பது ஆகஸ்டில், ஈப்போ விளையாட்டரங்கில் கோப்பைக்கான இறுதி ஆட்டம் நடந்தது. ஓர் ஈயக் கம்பெனி சம்பளம் கொடுத்து நடத்திய குழுவில் அர்ச்சுனன் முன்னணி ஆட்டக்காரன். அன்றைக்குக் கோட்டு நடுவராக வர வேண்டியவருக்குக் காய்ச்சல் கண்டதால், மாற்றாளாகக் கொடி பிடிக்க வந்தவர் நவமணியின் கணவர் சதாசிவம். அந்தப் பெரிய திடலில் அவருக்கு அதுவே முதல் ஆட்டம். ஆடுகிறவர்களில் ஒருவன் தம் மனைவியின் தம்பி என்று அவர் தலைமை நடுவரிடம் முன்கூட்டியே சொன்னார். வேறு ஆள் இல்லை, நேர்மையாகப் பார்க்க முடியுமா என்று கேட்டார் அவர். முடியும் என்றார் சதாசிவம். ஆளுக்கு ஒரு கோல் என்று நின்ற ஆட்டத்தில், முடிய நான்கு நிமிடம் இருக்கையில், நடுத்திடலிலிருந்து வந்த பந்தை வாங்கிக்கொண்டு அர்ச்சுனன் தனியாக ஓடி வலைக்குள் அடித்தான். சதாசிவத்தின் கொடி மேலே நின்றது. ஆப்சைட். பந்து அவனை நோக்கி உதைக்கப்பட்ட கணத்தில் எதிரணியின் கடைசித் தடுப்பாளைத் தாண்டி நின்றிருந்தான் என்று பொருள். கோல் செல்லாது.

கூடுதல் நேரத்தில் எதிரணி ஒன்று அடித்துக் கோப்பையைக் கொண்டுபோனது. அர்ச்சுனனைப் பார்த்துப் பெரிய குழுவுக்கு எடுத்துக்கொள்ளக் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த ஆள் ஒன்றும் சொல்லாமல் கார் ஏறினார். ஆண்டு முடிவில் கம்பெனி குழுவைக் கலைத்தது. அர்ச்சுனன் ரப்பர் தோட்டத்துக்கே திரும்பிப் போய்ப் பால்மரக் கத்தியைக் கையில் எடுத்தான். புந்தோங்கில் சதாசிவம் தெருவில் நடந்தால், தேநீர்க்கடை நைனா முகம்மது தோளில் கிடக்கும் துண்டை ஒரு கையால் உயர்த்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பார். கடை முழுவதும் சிரிக்கும். சதாசிவம் அதற்கு ஒருபோதும் திரும்பிப் பார்த்ததில்லை. தாம் கண்டதைத்தான் காட்டினோம் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை.

அன்று மாலை ஜெலாப்பாங் கூரை ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து திரும்பியவர் செய்தியைக் கேட்டார். கை கால் கழுவினார். நாற்காலியில் அமர்ந்தார்.

"நானே போயி கூப்பிடறேன்."

"நீங்க போனா அவன் ஓடிருவான்."

"ஓடட்டும். ஓடறதுல அவன யாரும் குத்தம் சொல்ல முடியாது."

"எங்க நின்னு ஓட ஆரம்பிச்சான்ங்கறதுதானே ஒங்க வழக்கு," என்றாள் நவமணி. "நான் போறேன்."

மறுநாள் காலைப் பேருந்தில் போனாள். இரவெல்லாம் பெய்த மழையில் மரங்கள் நனைந்திருந்தன. ஈரப் பட்டையில் கத்தி வைத்தால் பால் வழி தவறிப் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். அதனால் பட்டை காய்ந்த பிறகு, ஒன்பது மணிக்குத்தான் வெட்டே தொடங்கியிருந்தது. அவள் போய்ச் சேர்ந்த உச்சிப்பொழுதில் அர்ச்சுனன் இன்னும் பால் எடுத்துக்கொண்டிருந்தான். மரத்துக்கு மரம் சென்று மங்கு எனும் பால் கிண்ணத்தைக் கவிழ்த்து, விரலால் ஒரு சுற்றுச் சுற்றி வழித்து, வாளியில் விட்டு, அதை மறுபடியும் கம்பியில் உட்கார வைக்கும் அந்த வேலையை அவன் அவசரமின்றிச் செய்தான். திடலில் அவனைப் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

"அக்கா? என்னாக்கா இது, சொல்லாம கொள்ளாம? யாருக்காச்சும் முடியலயா?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. குணவதி பெரிய மனுசியாயிட்டா."

அவன் வாளியைக் கீழே வைத்தான். கைலியில் கையைத் துடைத்தான். பால் பிசுபிசுப்பு போகவில்லை. முகம் மட்டும் மலர்ந்தது.

"நேத்துவரைக்கும் என் முதுகுல ஏறிக்கிட்டுத் திரிஞ்சா."

"நேத்து இல்லடா. பத்து மாசம் ஆச்சு."

அவள் கொண்டுவந்திருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். நெத்திலிச் சம்பலும் சோறும். ஈர மண்ணில் ஒரு சாக்கை விரித்து அவன் உட்கார்ந்தான். கொசு மொய்த்தது. அவள் தன் முந்தானையால் விசிறினாள்.

"வர்ற ஞாயித்துக்கு அடுத்த ஞாயிறு சடங்கு. சேலை எடுத்துக்கிட்டு நீ வரணும்."

"சேலைய அனுப்பி வைக்கறேன்க்கா. தங்கக்கரை போட்டதா, நல்லதாவே."

"தபால்ல வந்தா அதுக்குப் பேரு சீரா? தபால்காரன ஒக்கார வச்சு மால போடவா?"

அவன் சிரித்துவிட்டான். சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தவனைப்போல் சோற்றை வேகமாக உருட்டினான்.

"அங்க வந்து அவரு மூஞ்சியப் பாத்து நான் என்னா பேசறது?"

"பேச வேணாம். சேலையக் குடு, சோறத் தின்னு, கெளம்பு."

"ரொம்ப சுசா, கஷ்டம்க்கா. முடியாது." அவன் கையை உதறினான். "கோல் போனதுக்கா இதுன்னு நெனைக்கிற? போனா போச்சு லா. ஆட்டத்துல எத்தன போகுது. அவரு என்னையப் பாத்து கொடி தூக்கல. ஊரப் பாத்துத் தூக்குனாரு. மச்சானுக்கு விட்டுக் குடுத்துட்டான்னு நாளைக்கு நாலு பேரு சொல்லுவான், அந்தப் பயம். அத மட்டும் அவரு வாயால சொல்லச் சொல்லு. நான் வாரேன்."

"பாத்தததான் தூக்குனேங்கறாரு."

"அவரு கண்ணு தப்பாதுக்கா. அதுதான் என் வயித்தெரிச்சலே. இதே தோட்டத்துப் பாடாங்ல பன்னெண்டு வருசம் கொடி புடிச்சாரு. ஒரு தடவ பெசகுனதில்ல. கண்ணு தப்பாதவரு தப்பாத் தூக்குனா, அது வேணும்னு தூக்குனதுதானே?"

கணவரின் கண் தப்பாது என்று தம்பி சொல்லும்போது, பெருமைப்படவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அது எப்படிடா அவருக்கு மட்டும் தப்பாது?"

"ஒனக்குத் தெரியாதா? மரம்க்கா. எழும்பு, காட்டறேன்."

தோட்டத்துப் பாடாங் ரப்பர்க் காட்டை வெட்டி எடுத்த திடல். இரு பக்க ஓரங்களிலும் மரங்கள் அப்படியே நின்றன. ஒரே நிரையில் நட்டவை என்பதால், இந்த ஓரத்து மரத்துக்கு நேரே எதிரோரத்தில் அதன் ஜோடி மரம் நின்றது. அர்ச்சுனன் அவளை ஒரு மரத்தின் அடியில் நிறுத்தி எதிரே பார்க்கச் சொன்னான்.

"இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் நடுவுல ஒரு கோடு இருக்குன்னு வச்சுக்க. யாரு அதத் தாண்டறான், யாரு தாண்டல, தெரியுதா? நிரை பொய் சொல்லாதும்பாரு மச்சான். சுண்ணாம்புக் கோடுகூடக் கோணும், நிரை கோணாதும்பாரு."

அவளுக்கு அது தெரிந்த செய்திதான். பதினைந்து வயதில், மறுநடவுக் காட்டில் குழி போடும் முன்னால், நீளக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவள் அவள். கயிறு விறைத்த பிறகே கம்பு ஊன்றுவார்கள். அந்தக் கயிற்று நிரையை வைத்துத் தன் வீட்டுக்காரர் பந்தாட்டம் பார்ப்பார் என்பதுதான் புதிது.

திரும்பி வரும் பேருந்தில் சன்னல் வழியாக நிரைகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. சுங்கை சிப்புட் கடைத்தெரு வந்தது, போனது. ஈப்போவில் இறங்கும்போது அவளுக்கு ஓர் எண்ணம் வந்து, வீடு வரை கூடவே நடந்தது.

சதாசிவம் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள்.

"ஈப்போ ஸ்டேடியத்துல மரம் இல்லியே. எத வச்சுப் பாத்தீங்க?"

"எத வச்சுன்னா?"

"தம்பி சொன்னான், மரத்துக்கு மரம் கோடு புடிச்சுப் பாப்பீங்கன்னு. அங்க எந்த மரம்?"

"பின்னால வேலிக்கம்பம். எதுத்தாப்புல ஆளுங்க ஒக்காந்து பாக்கற கொட்டகைத் தூணு." தட்டைப் பார்த்தபடி சொன்னார். "அவன் ஓடினப்ப ஏழாவது கம்பத்துக்கு முன்னால நின்னேன். ஏழாவது தூணு நேரா இருந்திச்சு. கடைசித் தடுப்பாளு தூணுக்கு நேரா. இவன் அரையடி முன்னால. இன்னைக்கும் கண்ணுல இருக்கு."

"அந்தத் தூணக் கயிறு போட்டு நட்டாங்களா?"

சதாசிவம் நிமிர்ந்தார். பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. அது காய்ந்து விரல்களில் ஒட்டும்வரை அவர் அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

ஞாயிறு காலை, தோட்டத்து நடவுக் கயிற்றைப்போல ஒரு நீள நைலான் கயிற்றை வாங்கிக்கொண்டு இருவரும் விளையாட்டரங்குக்குப் போனார்கள். புல் வெட்டும் பத்துமலை கதவைத் திறந்துவிட்டான்.

"என்னா அண்ணே, தொலைஞ்ச கோலத் தேட வந்தீங்களா?"

"ஆமா," என்றார் சதாசிவம். வேடிக்கையாகப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை.

ஏழாவது கம்பத்தின் முன்னால் போய் நின்றார். எதிரே, ஓடுதடத்துக்கு அப்பால், பார்வையாளர் கொட்டகையின் ஏழாவது தூண். நடுக்கோட்டுக்கும் கோல் பெட்டிக்கும் இடையில் கோடு எதுவும் இல்லாத வெறும் புல். பத்துமலையைத் திடலின் அந்தப் பக்கம் அனுப்பித் தூணுக்கு நேராக நிறுத்தினார். அவன் கடைசித் தடுப்பாள். நவமணியை இந்தப் பக்கம் அனுப்பினார்.

"இன்னும் முன்னால போ. போ. ரொம்பப் போயிட்ட. பின்னால ஒரு எட்டு. நில்லு."

அவள் நின்றாள். தம்பி நின்ற இடம். கோல் அவ்வளவு அருகில் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. வலை இல்லாத வெறும் சட்டம் அகலமாகத் திறந்து கிடந்தது. இடையில் ஒருவரும் இல்லை. அவளாலேயே ஓடிப் போய்ச் சேர்ந்துவிட முடியும் போலிருந்தது.

சதாசிவம் வந்து கயிற்றை அளந்தார். நடுக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் ஒரே அளவு எடுத்து, இரு ஓரங்களிலும் முளை அடித்து, பத்துமலையின் கால்மாட்டைத் தொட்டுக்கொண்டு போகும்படி குறுக்கே கயிற்றை விறைப்பாகக் கட்டினார். திடல் செவ்வகம், அதன் குறுக்கே இழுத்த கயிறு பொய் சொல்ல வழியில்லை. அது நவமணியின் முதுகுப் பக்கமாகப் போயிருந்தால் வழக்கு அவர் பக்கம். காலடியில் போயிருந்தாலும் அவர் பக்கம்தான். சமமாக நின்றாலும் குற்றம் என்பது அக்காலச் சட்டம்.

கயிறு அவளுக்கு முன்னால் போயிற்று.

அவள் செருப்பைக் கழற்றினாள். குதிகாலும் விரலும் ஒட்ட, பாதம் பாதமாக வைத்துக் கயிற்றை நோக்கி நடந்தாள். அவர் எதிர்த் தூணையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். கொட்டகையின் தூண் வரிசையைச் சாலைக்கு இணையாக நட்டிருந்தார்கள். திடலுக்கு இணையாக அல்ல.

"கொட்டக கோணலா இருக்கறது எனக்குப் பதினாறு வருசமாத் தெரியுமே," என்றான் பத்துமலை. "கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன் லா."

சதாசிவம் கயிற்றை முழங்கையில் சுற்றத் தொடங்கினார். சிக்கில்லாமல், ஒரு சுற்றின்மேல் இன்னொன்று ஏறாமல், முழுவதும் சுற்றி முடித்து முடிச்சுப் போட்டார். அதன் பிறகுதான் புல்லில் உட்கார்ந்தார். நவமணியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பத்து மாதமாக ஊர் துண்டைத் தூக்கியபோதெல்லாம் நிமிர்ந்து நடந்த மனிதர், யாருமே தூக்காத அந்தக் காலையில் தலை குனிந்திருந்தார்.

மறுநாள் தொழிற்சாலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். பொழுது சாய்கையில் திரும்பினார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன். தப்பு என்னோடது, பயத்துல தூக்கல, தூணப் பாத்துத் தூக்கினேன்னு சொன்னேன்."

"என்னா சொன்னான்?"

"'சரி'ன்னான். பால் நிறுக்கப் போயிட்டான்."

"வருவானா?"

"அதக் கேக்கல."

"கேக்கலயா! அவ்வளவு தூரம் போயி?"

"சொல்லத்தான் போனேன். கூப்பிடறதையும் கூடச் சேத்தா, காரியத்துக்காகச் சொன்ன மாதிரி ஆயிரும்."

அவரைக் கரண்டியால் அடிக்கலாமா என்று இருந்தது நவமணிக்கு. அந்த வாரத்தில் கொட்டகையில் பருப்பு இரண்டு முறை கருகியது. சுங்கை சிப்புட் பேருந்து வரும் நேரமெல்லாம் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. ஒவ்வொரு முறையும் கரண்டியைச் சீனியிடம் கொடுத்துவிட்டுச் சந்து முனை வரை போய் வந்தாள்.

சடங்கன்று காலை முதல் பேருந்தில் அவன் வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை. குணவதி தலைக்கு ஊற்றிக்கொண்டு பழைய பாவாடையோடு அறைக்குள் காத்திருந்தாள். ஜொஹரா பீவி தன் பெட்டியிலிருந்து ஒரு புதுச் சேலையை எடுத்து வந்து, யாருக்கும் தெரியாமல் நவமணியின் கையில் திணித்தாள். நவமணி அதை விரிக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. அந்த நேரத்தில் வாசலில் யாரோ, "மாமன் வந்தாச்சு!" என்றார்கள்.

தாம்பாளத்தில் தங்கக்கரைச் சேலை, பூ, பழம், வளையல். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அர்ச்சுனன். லாரி ஒன்றில் ஏறி வந்தானாம். சட்டை கசங்காமல் இருக்க வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தானாம். நவமணி அவசரமாகத் தாம்பாளத்தை வாங்கியதில் ஒரு பழம் உருண்டது.

சாப்பாட்டுக்குப் பின் பந்தலில் ஆண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நைனா முகம்மது பத்து மாதமாகக் கேட்க நினைத்ததை இன்று விடுவதாக இல்லை.

"தம்பி, ஒங்க மச்சானும் இருக்காரு, நீங்களும் இருக்கீங்க. அல்லா மேல ஆணையாச் சொல்லுங்க. அன்னைக்கி நீங்க ஆப்சைட்டா, இல்லியா?"

அர்ச்சுனன் அக்காளைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"ஆப்சைட்டுதான் அண்ணே. ஒரு அடி முன்னாடி நின்னேன்."

"பொய்," என்றார் சதாசிவம், மூலையிலிருந்து. "பின்னாலதான் நின்னான். நான்தான் தப்பாத் தூக்கினேன்."

"மச்சான், நின்னவன் நான். எனக்குத் தெரியாதா?"

"அளந்தவன் நான். ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஆப்சைட்டுன்னா ஆப்சைட்டு. விடுங்க லா!"

"விட மாட்டேன். அது கோலு!"

இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நைனா முகம்மது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"யா அல்லா, பழைய சண்டையே பரவால்ல. அதுல யாரு எந்தப் பக்கம்னாவது எங்களுக்குத் தெரிஞ்சிச்சு."

பந்தல் வெடித்துச் சிரித்தது. சதாசிவம் சிரிக்கவில்லை. ஆனால் வெற்றிலைத் தட்டை அர்ச்சுனன் பக்கம் நகர்த்தி வைத்தார். அவன் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் விடியலில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும் என்று அவன் நாலு மணிப் பேருந்துக்கே கிளம்பினான். நவமணி பலகாரப் பையோடு கூட வந்தாள். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. வெயில் தார்ச்சாலையில் நீண்டு கிடந்தது.

"ஏண்டா பொய் சொன்ன?"

"அவரு இந்த ஊர்ல தல நிமிந்து இருக்கணுமே." பையை வாங்கிக்கொண்டான். "ஒன்னைய நிக்க வச்சு அளந்தாராமே."

"ஆமா."

"எவ்வளவுக்கா?"

அவள் சாலையோரத்தில் செருப்பைக் கழற்றினாள். குதிகாலோடு விரலை ஒட்டி, ஒன்று, இரண்டு என்று வைத்து ஐந்தாவது பாதத்தில் நின்றாள்.

அர்ச்சுனன் அவள் தொடங்கிய இடத்தில் போய் நின்றான். தனக்கும் அக்காளுக்கும் நடுவே கிடந்த தரையைப் பார்த்தான்.

"ரொம்ப முந்திட்டமோன்னு எனக்கே ஒரு சந்தேகம் இருந்திச்சுக்கா. யாருகிட்டயும் சொல்லல." காலின் முன்பகுதியால் அந்த இடைவெளியில் மெல்லத் தட்டினான். "இம்புட்டு எடம் இருந்திச்சா? இன்னும் கொஞ்சம் முன்னாடியே நின்னிருக்கலாம்."

பேருந்து வந்து நின்றது. நடத்துனர் பலகையைத் தட்டினார். அவன் ஏறவில்லை. நடத்துனர் இன்னொரு முறை தட்டினார்.

"ஏறுடா," என்றாள் நவமணி.

"வாரேன்க்கா," என்றான் அவன், தரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.